மார்கழியில் மாம்பழ வாசனை

நான் பயப்படுவதில் கெட்டிக்காரன். வயலில் நண்டு கவ்வியதை நல்ல பாம்பு என்று முடிவுகட்டி, டிராக்டர் டிரெய்லரில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரத்தநாடு வரைக்கும் போனவன். அங்கே நர்ஸ் காலைக் கழுவிப் பார்த்துவிட்டு, "பாம்புக்குக் கொடுக்கு எப்ப மொளச்சுது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். இன்னொரு சமயம் கழுத்தில் வந்த வேனல்கட்டியைப் புற்றுநோய் என்று நினைத்து மூன்று நாள் யாரிடமும் பேசாமல் இருந்தேன். அந்த மூன்று நாளைப் பற்றி என் மனைவி இன்றைக்கும் ஏக்கத்தோடு பேசுவாள்.

இப்படிப்பட்டவன், ஒரே ஒரு தடவை, பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்படாமல் இருந்தேன். இரண்டரை மாதம். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இருபது வருடம் சிகரெட் பிடித்தவன் நான். அடுத்த பொங்கலோடு விட்டுவிடுகிறேன் என்று சொல்லாத வருடம் இல்லை. பொங்கல் தவறாமல் வந்துகொண்டிருந்தது. போன தீபாவளிக்கு என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வளைகுடாவிலிருந்து வந்தான். அங்கே கிரேன் ஓட்டுகிறான். காண்டிராக்ட் முடிந்து வந்தவன், மாசியில் புது விசாவில் திரும்பிப் போகவேண்டும். வழக்கமாகத் தைலம், டார்ச் லைட், பேரீச்சம்பழம் என்று கொண்டுவருவான். இந்தத் தடவை என்னை மட்டும் வைக்கோல்போருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"மாமா, கையை நீட்டுங்க."

நீட்டினேன். பேனா மாதிரி ஒன்றை வைத்தான். மஞ்சள் நிறம், நுனியில் சின்ன விளக்கு.

"என்ன மாப்ள இது, எழுதுமா?"

"வாயில வச்சு இழுங்க."

"எதுக்கு?"

"சிகரெட்ட விடணும் விடணும்னு பத்து வருஷமா சொல்றீங்கல்ல. இதுல நெருப்பு இல்ல, சாம்பல் இல்ல, புகையும் இல்ல. வெறும் ஆவி."

"ஆவின்னா?"

"இட்லிச் சட்டியத் தொறந்தா வருதுல்ல மாமா, அது."

"இத நம்ம ஊர்ல விக்கக்கூடாதுன்னு தடை போட்டிருக்காங்களே?"

"நல்லது எதத்தான் விட்டு வச்சாங்க?" என்றான். இந்த வாதத்தில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் அதற்குள் இழுத்துவிட்டேன்.

அடடா. சித்திரை மாதமே தொண்டைக்குள் இறங்கியது போலிருந்தது. மாம்பழம்! கொஞ்சம் கரகரத்தது, ஆனாலும் மாம்பழம். மூக்கு வழியாக வெள்ளையாக வெளியே விட்டேன். என்னைப் பார்த்துக் கட்டியிருந்த மாடு ஒரு அடி பின்னால் போனது.

என் தவறு எங்கே ஆரம்பித்தது என்று பிறகு பல தடவை யோசித்துப் பார்த்தேன். அந்த 'ஆவி' என்ற சொல்லில்தான். நெல் விளைகிற ஊரில் பிறந்தவனுக்கு ஆவியின்மேல் சந்தேகமே வராது. நெல் அவிக்கிற அண்டாவிலிருந்து ஆவி வருகிறது, அதில்தான் புழுங்கலரிசி. இட்லி, கொழுக்கட்டை எல்லாம் ஆவியில்தான். சளி பிடித்தால் நொச்சி இலையைக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் உட்கார்ந்து வேது பிடிக்கிறோம், அதுவும் ஆவி. ஆவியால் கெட்டுப்போனவன் என்று எங்கள் பக்கத்தில் ஒருவனைக் காட்ட முடியாது. புகை கெட்டது, ஆவி நல்லது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆகவே நிம்மதியாக இழுத்தேன். சிகரெட்டிலாவது ஒரு ஒழுங்கு இருந்தது. பற்றவைத்தால் தீரும், தீர்ந்தால் தூக்கிப்போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். இது தீரவே தீராது. காலையில் பல் துலக்கியதும் இரண்டு இழுப்பு, மடை திறக்கப் போகும்போது நான்கு, உட்கார்ந்தால் ஒன்று, உட்கார்ந்ததிலிருந்து எழுந்ததற்கு ஒன்று. சார்ஜர் வயர் மாதிரி அது எப்போதும் என்னோடு தொங்கிக்கொண்டிருந்தது. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். டீக்கடையில் எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. அந்தப் பாராட்டைக் கொண்டாட, கடைக்குப் பின்னால் போய் ஒரு சிகரெட் பிடித்தேன்.

மார்கழி வந்தது, எனக்கு யோகம் வந்தது. சம்பா கதிர் பிடித்து நிற்கிற நேரம். காலையில் வயல் முழுக்கப் பனி. வரப்பில் நின்று எவ்வளவு ஊதினாலும் அது பனியோடு பனியாகக் கலந்துபோகும். பக்கத்து வயல்காரர் பத்தடி தூரத்தில் நின்று, "இன்னிக்குப் பனி ஜாஸ்திங்க" என்பார். "ஆமாங்க" என்று அவர்மேல் இன்னும் கொஞ்சம் பனியை ஊதுவேன்.

கண்ணை மறைக்கலாம், மூக்கை எப்படி மறைப்பது?

"ஏங்க, மார்கழியில ஏது மாம்பழ வாசனை?" என்றாள் மனைவி.

"எங்க?"

"உங்க மேலதான்."

"புது சோப்பு."

"சோப்பு ரோஜா. நான்தானே பிரிச்சு வச்சேன்."

"அப்ப உரமா இருக்கும்."

"எந்த ஊர்ல உரம் மாம்பழமா மணக்குது?"

"இப்பல்லாம் கம்பெனிக்காரன் என்னென்னவோ கலக்குறான்ம்மா."

அவள் முகத்தில் வேறொரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. யார் வீட்டு மாம்பழம் என்கிற மாதிரி. என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். வயிற்றில் வந்து பார்வை நின்றது. சந்தேகம் அதுவாகவே தீர்ந்துபோனது. எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சளி பிடித்தது. நெஞ்சில் ஒரு கனம், காலையில் இருமல். மனைவி நொச்சி இலையைப் பறித்து வந்து, பானையில் கொதிக்கவைத்து, என் முன்னால் இறக்கினாள். போர்வையை எடுத்து என்மேல் போட்டு மூடிவிட்டு, "நல்லா இழுத்துப் புடிங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அந்த இருட்டுக்குள் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் வாழ்க்கையில் தோன்றியதிலேயே முட்டாள்தனமான யோசனை அதுதான், போட்டி பலமாக இருந்தும்.

இதுவும் ஆவி, அதுவும் ஆவி. நொச்சி ஆவி மூக்கு வரைக்கும்தான் போகும். பேனா ஆவியோ நேரே நெஞ்சுக்குள்ளேயே போகிறது. அப்படியானால் சளி இருக்கிற இடத்துக்கே போய் வேலை செய்யுமே?

மடியிலிருந்து எடுத்தேன். போர்வைக்குள் உட்கார்ந்து வேது பிடிக்கிற மாதிரியே ஆழமாக, விடாமல், பதினைந்து இருபது தடவை இழுத்தேன். வெளியே விட்டதும் எங்கும் போகவில்லை, போர்வைக்குள்ளேயே சுற்றி, மறுபடி எனக்குள்ளேயே வந்தது. ஒரு ரவை வீணாகவில்லை. அதன் பிறகு வந்தது இருமல். பானை ஒரு பக்கம், போர்வை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கண்ணில் தண்ணீர் கொட்ட நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு மனைவி, "பாத்தீங்களா, சளி எளகுது" என்று திருப்தியாகச் சொன்னாள். "ஆனா இந்த நொச்சி ஏன் மாம்பழமா மணக்குது?"

இப்போது கபடிக்கு வரவேண்டும். எங்கள் ஊரில் காணும் பொங்கலன்று கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கபடி நடக்கும். டிவியில் காட்டுகிற கபடி இல்லை, முப்பது விநாடிக் கணக்கெல்லாம் இங்கே கிடையாது. பாடிப் போகிறவனுக்கு மூச்சு இருக்கிற வரைக்கும்தான் நேரம். நடுவர் கூடவே ஓடி, காதைக் கிட்டே வைத்துக் கேட்பார். பாட்டு அறுந்தால் ஆள் அவுட். கல்யாணம் ஆனவர்கள் பக்கம் பத்து வருடமாக நான்தான் முதலில் பாடிப் போவேன். என் வேகத்துக்காக இல்லை, வேகம் என்னிடம் என்றைக்கும் இருந்ததில்லை. மூச்சுக்காக. அந்தப் பக்கம் போய் மெதுவாக உலாத்திக்கொண்டு, ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துச் சிரித்து, அவர்கள் சலித்து நகரும்போது ஒருத்தனைத் தொட்டுவிட்டு வருவேன். சிகரெட் பிடிக்கிறவனுக்கு இவ்வளவு மூச்சா என்று ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியத்தை வைத்துக்கொண்டுதான் நான் சிகரெட்டை விடாமலே இருந்தேன்.

எங்கள் அணித்தலைவர் என் பங்காளி. டிராக்டர் வைத்திருக்கிறார், எனக்கு முறையில் அண்ணன். "என்னய்யா, நெஞ்சுல பூனை கத்துற மாதிரி சத்தம் வருது?" என்றார் கோட்டுக்கு அருகில் நின்றபோது.

"ஆவேசம் அண்ணே. புலி அது."

"புலிக்குத் தண்ணி வேணுமா?"

"ரத்தம் வேணும்" என்றேன். கூட்டம் விசிலடித்தது. பெண்கள் பக்கத்தில் என் மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சை நிரம்ப இழுத்து, கோட்டைத் தாண்டினேன்.

கபடி. கபடி. கப...

மூன்றாவது கபடி முழுசாக வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ சாக்குப்பையின் வாயை இறுக்கிக் கட்டியது போலிருந்தது. உள்ளே காற்று போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. நடுவர் காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "என்னது?" என்றார். பதிலுக்கு நான் இருமினேன். எதிரணி ஒரு விநாடி திகைத்தது. பத்து வருடமாக உலாத்தியவன் பத்தடியில் நிற்கிறானே! பிறகு அத்தனை பேரும் சந்தோஷமாக என்மேல் விழுந்தார்கள்.

எல்லோரும் எழுந்த பிறகும் நான் எழவில்லை. எழுந்தால் மூச்சு வேண்டும், அது வரவில்லை. யாரோ தூக்கி உட்காரவைத்தார்கள். அப்போது மடியிலிருந்து அந்தப் பேனா நழுவி மண்ணில் விழுந்தது. நுனி விளக்கு பச்சையாக மின்னியது.

"சுகர் பாக்குற மிஷினா?" என்றான் ஒருத்தன்.

"பென் டிரைவ்டா. மாமா படம் பாக்குறாரு."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். குனிந்து எடுத்தாள். மண்ணைத் தட்டிவிட்டு மூக்கருகே வைத்து மோந்தாள். கபடித் திடல் மொத்தமும் அவளைப் பார்த்தது.

"ஓ," என்றாள். "இதானா அந்த உரம்?"

நான் எந்தப் பக்கம் திரும்பினேனோ அந்தப் பக்கம் மச்சினன் இல்லை. அவன் எப்போதோ பைக்கைக் கிளப்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் நான் முறையாகப் பயப்பட ஆரம்பித்தேன். இரண்டரை மாதப் பாக்கி முழுவதையும் ஒரே மதியத்தில் பயந்து தீர்த்தேன். போனை எடுத்துத் தேடினேன். பாப்கார்ன் நுரையீரல் என்று ஒரு வியாதி இருக்கிறதாம். எனக்கு அதுதான் என்று உடனே தெரிந்துவிட்டது. அடுத்த வீடியோவில் இன்னொரு வியாதி. அதுவும் எனக்கு இருந்தது. நான்காவது வீடியோ கர்ப்பிணிகளுக்கானது. அதிலும் எனக்கு இரண்டு அறிகுறி ஒத்துப்போனது. மனைவியைக் கூப்பிட்டேன்.

"இங்க பாரும்மா. வடக்கு மடை ஒழுகும், பாத்துக்க."

"அது நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து ஒழுகுது."

"கீழண்டை வயல்ல கதிர் இன்னும் பழுக்கல. அவசரப்பட்டு அறுத்துடாதீங்க."

"புதன்கிழமை அறுப்பு மிஷின் வருது. அது வரைக்கும் இருந்துட்டுப் போங்க."

"வெளையாடாத. என் நுரையீரல் பாப்கார்ன் ஆயிடுச்சு."

"உங்க மூள எப்பவோ ஆயிடுச்சு. திரும்புங்க, பாப்போம்."

முதுகில் காதை வைத்துக் கேட்டாள். நான் மூச்சை இழுத்தேன், விட்டேன். பங்காளி சொன்ன பூனை உள்ளே கத்திக்கொண்டுதான் இருந்தது. அவள் காதை எடுக்கவில்லை. இன்னொரு பக்கம் வைத்துக் கேட்டாள். என்னைக் கிண்டல் செய்ய இவ்வளவு நல்ல வாய்ப்பு அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அதை அவள் விட்டுவிட்டாள். நான் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"காலையில தஞ்சாவூர் போறோம்" என்றாள். தம்பிக்குப் போன் போட்டு, "நீதான் கூட்டிட்டுப் போற. காலையில ஆறு மணிக்கு வாசல்ல நிக்கணும்" என்று மட்டும் சொன்னாள். ஐந்தே முக்காலுக்கே வந்து நின்றான்.

தஞ்சாவூரில் ஒரு நெஞ்சக மருத்துவரிடம் போனோம். நடுத்தர வயது அம்மா. பூச்சி விழுந்த பயிரை வேளாண்மை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டுகிற மாதிரி, அந்தப் பேனாவைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். டாக்டரம்மா அதைத் தொடாமல் பார்த்தார். பக்கத்தில் மச்சினன் சுவரில் ஒட்டியிருந்த நுரையீரல் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல என்ன வருதுன்னு நெனச்சு இழுத்தீங்க?"

"ஆவிங்கம்மா."

"என்ன ஆவி?"

"இட்லி... அந்த மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. "எவ்வளவு நெலம் வச்சிருக்கீங்க?"

"பன்னெண்டு மா, நாலு ஏக்கருங்க."

"மருந்தடிக்க என்ன வச்சிருக்கீங்க?"

"பவர் ஸ்பிரேயரே இருக்குங்க."

"அதுலேர்ந்து வர்றது பாக்க எப்படி இருக்கும்?"

"பனி மாதிரி வெள்ளையா இருக்கும்."

"அது ஆவியா?"

"ஐயய்யோ, மருந்துங்க அது. கெட்டது."

"அடிக்கும்போது எப்படி நிப்பீங்க?"

"காத்து எந்தப் பக்கம்னு பாத்து, அதுக்கு எதிர்ல நிக்காம, மூஞ்சில துண்டக் கட்டிக்கிட்டு..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன். மனைவி என்னைப் பார்த்தாள். நான் கைக்குட்டையைப் பார்த்தேன். அதுவரைக்கும் பயத்தில் இருந்த எனக்கு ஒரு விநாடி பரவசமே வந்துவிட்டது. அடேயப்பா, இவ்வளவு நாள் ஸ்பிரேயர் குழாயை வாயில் வைத்துக்கொண்டா வரப்பில் நடந்தேன்!

"வயல்ல அடிக்கிற மருந்தும் இதுவும் ஒண்ணு இல்ல," என்றார் டாக்டரம்மா. "ஆனா ரெண்டுமே தண்ணி இல்ல. பாக்க வெள்ளையா இருக்குங்கிறதுக்காக ஆவின்னு நம்பக்கூடாது. அதுல என்ன கரைஞ்சிருக்குன்னுதான் பாக்கணும்."

பிறகு எடுத்துச் சொன்னார். பேனாவுக்குள் இருப்பது எண்ணெய் மாதிரி கெட்டியான ஒரு ரசாயனத் திரவம். கிளைகால், கிளிசரின் என்று பெயர் சொன்னார். அதில் நிகோடின் கரைந்திருக்கிறது. சிகரெட்டில் இருந்த அதே அடிமைச் சரக்கு. அதனால்தான் என்னால் கீழே வைக்க முடியவில்லை. மாம்பழம் என்பது மாம்பழம் இல்லை, வாசனைச் சரக்கு. தின்பதற்குக் கெடுதல் இல்லாத வாசனை, சூடாகி நுரையீரலுக்குள் போனால் கெடுதல் செய்யலாம். உள்ளே சுருள் கம்பி காய்கிறபோது அந்த உலோகத்தின் துணுக்குகூடக் கலந்து வருமாம். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத திவலையாகப் போய், மூச்சுக் குழாயின் உள்சுவரில் படிந்து, அதைப் புண்ணாக்கி வீங்கவைக்கிறது. குழாய் குறுகினால் காற்று விசிலடிக்கிறது. அதுதான் என் பூனை.

"பாப்கார்ன் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"அதுக்கான அடையாளம் எதுவும் இப்பத் தெரியல. போன்ல பாத்தீங்களா?"

"நாலு வீடியோ."

"பெறகு வாழ்நாள் முழுக்க இத இழுத்தா என்ன ஆகும்?" என்று மனைவி கேட்டாள்.

"முழுசா யாருக்கும் தெரியாதும்மா. இது வந்தே கொஞ்ச காலந்தான் ஆகுது. தெரிஞ்ச வரைக்கும் நல்ல சேதி இல்ல. இவருக்கு இருபது வருஷ சிகரெட் வேற. எது எவ்வளவு கெடுத்துச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. கெட்டதுல எவ்வளவு திரும்ப வரும்னு மட்டும் பாக்கலாம். ஊதச் சொல்லுவோம்."

எவ்வளவு திரும்ப வரும். அந்த ஒரு கேள்விதான் எனக்கும் இருந்தது. பாப்கார்ன், புற்று, கர்ப்பம் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு அந்தக் கேள்வியோடு பக்கத்து அறைக்குப் போனேன்.

அங்கே ஒரு இளம் பெண் இருந்தார், டெக்னீசியன். ஒல்லியான உடம்பு, மெதுவான குரல். மூக்கில் துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினார். வாயில் குழாயை வைத்தார். "நல்லா மூச்ச இழுத்து, வேகமா ஊதி, நான் சொல்ற வரைக்கும் விடாம ஊதணும். சரிங்களா சார்?" என்று பூப்போலக் கேட்டார். தலையாட்டினேன். இழுத்தேன்.

"ஊதுங்க!" என்று ஒரு சத்தம். நான் பாதி பயத்திலேயே ஊதினேன். "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க! விடாதீங்க! இன்னும் இன்னும் இன்னும்! அவ்ளோதானா? இருக்கு, உள்ள இருக்கு, தள்ளுங்க!" அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. திரையில் ஒரு கோடு ஏறியது, பாதியில் சரிந்தது. நான் இருமிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே காத்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"பரவாயில்ல சார். இன்னொரு தடவ" என்றார், மறுபடி பூவாகி.

மூன்று தடவை ஊதினேன். மூன்றாவது தடவை காத்திருப்பு அறையில் ஒரு பெரியவர், "விடாதய்யா!" என்று கத்தினார். யாரென்றே தெரியாது. அவர் வாழ்க.

பிறகு, குழாய் விரிவதற்கு மருந்து கொடுக்கவேண்டும், அதன் பிறகு மறுபடி ஊதிப் பார்க்கவேண்டும் என்றார். ஒரு முகமூடியை மாட்டி மிஷினைப் போட்டார். முகமூடியிலிருந்து வெள்ளையாக வந்தது. நான் துள்ளி எழுந்து முகமூடியைக் கழற்றினேன்.

"என்ன சார்?"

"இதுவும் ஆவிதானேம்மா!"

மனைவி என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "இது மருந்துங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "இப்ப மட்டும் ரொம்பக் கேள்வி கேப்பாரு" என்றாள் அந்தப் பெண்ணிடம். இருபது நிமிடம் கழித்து மறுபடி ஊதினேன். கோடு கொஞ்சம் மேலே போய்ச் சரிந்தது. அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துவிட்டு டெக்னீசியன் முதல் தடவையாகச் சிரித்தார்.

"குழாய் விரியுது," என்றார் டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டே. "அது நல்லது. இன்னும் வளைஞ்சு குடுக்குது. இன்னியோட ரெண்டையும் விடணும். சிகரெட்டையும், இதையும். இன்ஹேலர் தர்றேன், நிகோடின் ஆசைக்கு மெல்றதுக்கு ஒண்ணு தர்றேன். ஒரு மாசம் கழிச்சு வந்து ஊதுங்க. விட்டுட்டேன்னு நீங்க வாயால சொல்ல வேணாம். ஊதிக் காட்டுங்க."

கதவைத் தாண்டும்போது மச்சினனைப் பார்த்து, "நீங்களும் இழுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்" என்றான். அவர் கேட்டது அது இல்லை.

அந்த ஒரு மாதத்தை நான் வீரமாகக் கடந்தேன் என்று எழுத ஆசைதான். மூன்றாம் நாள் பங்காளி டிராக்டரை ரிவர்ஸ் எடுத்ததற்கே அவரோடு சண்டை போட்டேன். கை சும்மா இருக்காமல் பேனா மூடி, வேப்பங்குச்சி, டிவி ரிமோட்டின் மூலை என்று கிடைத்ததை எல்லாம் கடித்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது மனைவி வாசலிலேயே நிறுத்தி மோந்து பார்ப்பாள். "சேறு, மாடு, வேர்வை. சரி, உள்ள வாங்க" என்பாள். இவ்வளவு சந்தோஷமாக யாரும் என் நாற்றத்தை வரவேற்றதில்லை.

அறுப்பு மிஷின் சொன்னபடி புதன்கிழமை வந்தது. நெல் அறுக்கும்போது பறக்கிற தூசி இந்த நெஞ்சுக்கு ஆகாது என்று என்னை நாலு வயல் தள்ளி, காற்று வருகிற பக்கமாக வரப்பில் நிற்கவைத்தாள் மனைவி. முகத்தில் துண்டு வேறு. என் நெல்லை நானே தூரத்திலிருந்து, பக்கத்து ஊர்க்காரன் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்தே, "ஏய், கீழண்டை வயல விடுங்கடா, பழுக்கல!" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் கவனித்தேன். இருமல் வரவில்லை. மறுபடி ஒரு தடவை, தேவையே இல்லாமல், கத்திப் பார்த்தேன். மிஷின்காரர் கையைத் தூக்கி, கேட்டுவிட்டது என்று சைகை காட்டினார்.

மாசி மாதம் தஞ்சாவூருக்குப் போனோம். மச்சினனுக்கு விசா வந்துவிட்டது. மறுவாரம் பயணம். "நானே கூட்டிட்டுப் போறேன் மாமா" என்று அவனாக வந்தான்.

அதே டெக்னீசியன், அதே கிளிப். அந்தப் பெண் மூச்செடுத்துக் கத்தத் தயாரானார். அதற்குள் நான் ஊதிவிட்டேன். கோடு ஏறியது, ஏறியது, சரியவேண்டிய இடத்தில் சரியாமல் நின்று, பிறகுதான் மெதுவாக இறங்கியது. "இன்னும் இன்னும்" என்று அவர் கத்தவேண்டிய இடத்தில் "ஹை!" என்றார். நான் கிளிப்போடு எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினேன். மனைவி, "உக்காருங்க, மானத்த வாங்காதீங்க" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. அதை நான் எழுதினேன் என்று தெரிந்தால் திட்டுவாள்.

டாக்டரம்மா தாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நல்லா ஏறியிருக்கு. முழுசா இல்ல. முழுசா வருமான்னு இப்பச் சொல்லமாட்டேன். மறுபடி தொட்டீங்கன்னா இதுவும் போயிடும்."

எனக்கு அது போதும். போதாதுதான், ஆனாலும் போதும். எழுந்து திரும்பினேன். நாற்காலியில் மச்சினன் இல்லை. பக்கத்து அறையில் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மூக்கில் கிளிப். எப்போது டோக்கன் போட்டான் என்று தெரியாது.

முதல் தடவை ஊதினான். இரண்டு விநாடியில் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. முப்பத்திரண்டு வயது. என்னைவிடச் சின்னக் கோடு. அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் வாயில் ஒரு நல்ல கேலி தயாராக இருந்தது. இட்லிச் சட்டியைப் பற்றியது. சொல்லவில்லை.

"பரவாயில்ல சார், இன்னொரு தடவ" என்றார் டெக்னீசியன்.

அவன் மூச்சை இழுக்க ஆரம்பித்தான். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே தலையை நீட்டினேன். "இழு மாப்ள, நல்லா இழு! ம், இப்ப ஊது! ஊது ஊது ஊது! விடாத, உள்ள இருக்கு, தள்ளு!" என்று கத்தினேன். அந்தப் பெண் கத்துவதை நிறுத்திவிட்டு, ஓய்வாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.